பாட்டி கைக்கு எந்தத் துப்பாக்கி? மூட்டுவலியும் ஒரு அமெரிக்கத் தலைவலியும்!

தைல டப்பா மூடியைத் திருக முடியாம, "இதைக் கொஞ்சம் திறந்து குடுய்யா"ன்னு உங்க வீட்டுப் பாட்டி உங்ககிட்ட நீட்டியிருப்பாங்க. எங்க அப்பத்தா தினமும் ராத்திரி நீட்டுவாங்க. நான் போனைப் பார்த்துக்கிட்டே திருகிக் கொடுத்துட்டு, மறுபடி போனுக்குள்ள போயிடுவேன். ஒரு மூடியைத் திறக்க விரல்ல எவ்வளவு பலம் வேணும்னு அப்போ யோசிச்சதே இல்லை.

இப்போ அதே கையை, அதே வீங்கின கட்டைவிரலை டெக்சாஸ்லயோ ஃப்ளோரிடாவுலயோ இருக்கிற ஒரு பாட்டிக்குப் பொருத்திப் பாருங்க. கணவர் இறந்துட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்துல. பாதுகாப்புக்குன்னு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம்னு கடைக்குப் போறாங்க. அங்கே அது ஒண்ணும் அதிசயம் இல்லை. அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், தகுதியுள்ள ஒருவர் தனி அனுமதி எதுவும் வாங்காமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அனுமதி கேட்கும் மாநிலங்களிலும், 2022 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, 'உனக்கு இது எதுக்கு?' என்று கேட்டு மறுக்க முடியாது. இப்படி உடம்போடயே வெச்சுக்கிறதுக்காகச் செய்யப்படும் சின்னத் துப்பாக்கிக்கு அங்கே 'கேரி கன்'னு பேரு.

கடைக்காரர் ஒண்ணை எடுத்துக் கொடுக்கிறார். பாட்டி மேல்பாகத்தைப் பிடிச்சு பின்னாடி இழுக்கிறாங்க. அசையவே மாட்டேங்குது.

'இதை நான் எதுக்குப் படிக்கணும்?'னு நீங்க கேட்கலாம். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா, அவங்க பக்கத்து வீட்டுக் கதை இது. சில வீடுகளில் சொந்தக் கதையும்தான். அப்படி யாரும் இல்லைன்னாலும் படிக்கலாம். வயசான கைக்குச் சுலபமா ஒரு பொருளைச் செய்யப் போனா, அது வேற எந்தெந்தக் கைக்குச் சுலபமாயிடும்ங்கிற கேள்வி இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

கட்டைவிரலோட அடிப்பகுதியில என்ன நடக்குது?

எலும்பும் எலும்பும் உரசாம இருக்க, மூட்டுகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு மெத்தை மாதிரி இருக்கும். வயசாக ஆக அது தேயும். கையில அது அதிகமா தேயுற இடங்களில் முக்கியமானது, கட்டைவிரல் மணிக்கட்டோட சேருகிற மூட்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கிறீங்க இல்லையா? விரல் நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்தா, அந்த அடி மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ சுமை விழுதுன்னு மருத்துவர்கள் கணக்கு சொல்றாங்க. சாவி திருப்புறது, ஜாடி திறக்குறது, சட்டை பட்டன் போடுறதுன்னு வலிக்கிற எல்லாமே கிள்ளுற வேலையா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

இது தேய்மானம். முடக்குவாதம் வேற ரகம். அதுல உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும். ரெண்டு கையும் வீங்கும், காலையில எழுந்ததும் மணிக்கணக்கா விரல் மடங்காது. அமெரிக்காவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை மூட்டுவாதம் இருக்கிறது. 75 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேல். துப்பாக்கி விற்கிறவங்களுக்கு இது சின்ன வாடிக்கையாளர் கூட்டம் இல்லை.

'சின்னதா கொடுங்க' என்பதுதான் முதல் தப்பு

கை பலமில்லைன்னா சின்னதா, லேசா ஒண்ணு வாங்கணும். நமக்குத் தோணுறது இதுதான். அங்கே பல கடைக்காரர்களுக்கும் இதேதான் தோணுது. வயசானவங்க, பெண்கள்னு யார் வந்தாலும் உள்ளங்கை அளவு ரிவால்வர் ஒண்ணை நீட்டுறது அங்கே ரொம்ப நாள் பழக்கம். அனுபவசாலிகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சலிச்சுட்டாங்க: சின்னத் துப்பாக்கி சுலபமானது இல்லை, அதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமானது.

காரணம் பள்ளிக்கூடத்துல படிச்ச நியூட்டன்தான். தோட்டா முன்னாடி பாயுற வேகத்துக்கு ஈடா துப்பாக்கி பின்னாடி உதைக்கும். துப்பாக்கி கனமா இருந்தா அந்த உதையில பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கும். லேசா இருந்தா எல்லாம் உங்க கைக்குத்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 'ஏர்வெயிட்' வகை ரிவால்வர்கள் 400 கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சட்டைப் பையில போட்டா இருக்கிறதே தெரியாது. சுட்டா, தேய்ஞ்ச கட்டைவிரல் மூட்டுக்கு நல்லாவே தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. ரிவால்வரில் சுத்தியலைத் தனியா பின்னுக்கு இழுக்காம, ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடணும்னா, பொதுவா 10 முதல் 12 பவுண்ட் விசை வேணும். நம்ம கணக்குல நாலரை கிலோவிலிருந்து அஞ்சரை கிலோ. அரை கிலோகூட இல்லாத ஒரு பொருளை ஆடாம அசையாம பிடிச்சுக்கிட்டு, ஒரே விரலால அதோட எடையைப் போல பத்து மடங்குக்கு மேல இழுக்கணும். இருபத்தஞ்சு வயசுக் கையிலேயே குறி தவறும்.

ரிவால்வருக்குப் பெரிய பிளஸ் ஒண்ணு உண்டு: இழுக்க ஸ்லைடு கிடையாது. உருளையைத் திறந்து, தோட்டாக்களைப் போட்டு, மூடினா வேலை முடிஞ்சது. அதனால ரிவால்வர்தான் வேணும்னு நிற்கிற பெரியவங்களுக்கு, கொஞ்சம் கனமான எஃகு உடம்பு, கையை நிறைக்கிற ரப்பர் கைப்பிடி, உதை குறைஞ்ச தோட்டா, இந்த மூணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்றாங்க. 1984-ல் வந்த .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம் வகை ரிவால்வர்களுக்கு இப்போ மறுபடி மவுசு வந்திருக்கிறது இதனாலதான். அதுல பழைய .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவையும் போடலாம். உதை இன்னும் குறையும்.

இந்த .32 நமக்கு அந்நியமில்லை. இந்தியாவில் 9 மி.மீ., .38 போன்றவை சாதாரண உரிமத்துக்குக் கிடைக்காத தடைசெய்யப்பட்ட ரகங்கள் என்பதால், இங்கே உரிமம் வெச்சிருக்கிறவங்க கையில அதிகம் இருக்கிறது .32 தான். 2014-ல் பெண்களுக்காகன்னு சொல்லி கான்பூர் தொழிற்சாலை கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வரும் .32 தான், எடை அரை கிலோ. அப்போ விலை ஒரு லட்சத்தைத் தாண்டிச்சு. அந்த விலைக்கு எந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்புன்னு அப்பவே கிண்டல் அடிச்சாங்க.

இழுக்கவே வராத ஸ்லைடு

பிஸ்டலுக்கு வருவோம். மேல்பாகம் மொத்தமா பின்னாடி வந்து முன்னாடி போகும். அதுதான் ஸ்லைடு. அதைக் கையால ஒரு தடவை இழுத்து விட்டாத்தான் முதல் தோட்டா உள்ளே போகும். உள்ளே தோட்டா இருக்கான்னு பார்க்கவும், இருந்தா வெளியே எடுக்கவும் அதே இழுவைதான். சுடுறதுக்கு மட்டும் இல்லை, துப்பாக்கியைப் பத்திரமா காலி பண்றதுக்கும் ஸ்லைடை இழுத்தாகணும். 'கடைக்காரர் லோடு பண்ணிக் கொடுத்துட்டார், அப்படியே இருக்கு'ன்னு ஒரு பாட்டி சொன்னா, அதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம்.

ஏன் அவ்வளவு இறுக்கம்? உள்ளே இருக்கிற ஸ்பிரிங். துப்பாக்கி சின்னதாக ஆக, ஸ்லைடும் லேசாகும். அதைக் கட்டுப்படுத்த ஸ்பிரிங் இறுக்கமாகணும். சில வகைகளில் நிலைமை இன்னும் மோசம். ஜேம்ஸ் பாண்ட் கையில 1962-லிருந்து சினிமாவுல பார்க்கிறோமே, அந்த வால்தர் பிபிகே பார்க்க அழகு. ஆனா சுடுற நேரத்துல பின்பக்கத்தைப் பூட்டி வைக்கிற அமைப்பு அதுல கிடையாது. ஸ்லைடோட எடையும் ஸ்பிரிங்கும்தான் எல்லாத்தையும் தாங்கணும். அதனால இழுக்கவும் கஷ்டம், உதையும் வெடுக்குன்னு இருக்கும். பாண்டுக்கு மூட்டுவலி வந்திருந்தா முதல்ல மாத்தியிருக்க வேண்டியது காரை இல்லை, இதைத்தான்.

இந்தக் குறையை நேரடியா குறிவெச்சு 2018-ல் வந்தது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி 380 ஷீல்டு ஈஸி. அப்போ விலை 399 டாலர். பெயரிலேயே 'ஈஸி' இருக்கு. இதுல என்ன செஞ்சாங்கன்னு பார்த்தா சுவாரஸ்யம். நவீன பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் சுத்தியலுக்குப் பதிலா ஸ்ட்ரைக்கர்னு ஒரு ஊசி இருக்கும். அதோட ஸ்பிரிங், ஸ்லைடு மூடுற திசைக்கு எதிரா தள்ளும். அதை ஜெயிக்க முக்கிய ஸ்பிரிங் இன்னும் இறுக்கமா இருக்கணும். ஈஸியில ஊசிக்குப் பதிலா உள்ளே மறைஞ்ச சுத்தியலை வெச்சுட்டாங்க. அதனால ஸ்பிரிங்கைத் தளர்த்த முடிஞ்சது. எடையும் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல. உதையைத் தாங்க அது போதும். ட்ரிகரும் ரிவால்வரோட ஒப்பிட்டா பாதி விசைதான். தோட்டா அடுக்குற மேகசினில், ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால அமுக்கிப் பிடிக்க ஒரு சின்ன பட்டன். தோட்டாவை ஒவ்வொண்ணா அழுத்தி உள்ளே தள்ளுறதுதான் பலருக்கு ஸ்லைடை விடப் பெரிய வேதனை. அதை யோசிச்சு ஒருத்தர் வரைஞ்சிருக்கார்ங்கிறதை நான் மதிக்கிறேன்.

ஈஸியிலும் ரெண்டு விஷயம் கவனிக்கணும். கைப்பிடிக்குப் பின்னாடி ஒரு சேஃப்டி இருக்கு. உள்ளங்கை அதை முழுசா அமுக்கினாத்தான் சுடும். பிடி தளர்ந்த கைக்கு இது சில நேரம் சரியா அமுங்காது. அடுத்தது, 2020-ல் வந்த இதோட 9 மி.மீ. வடிவத்தில் சுத்தியல் உடையக்கூடிய குறை இருந்ததால, அந்த ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரானதை எல்லாம் நிறுவனமே திரும்ப வரச் சொல்லிச் சரிபார்த்தது. செகண்ட் ஹேண்டுல வாங்கினா அந்த வேலை முடிஞ்சதான்னு வரிசை எண்ணை வெச்சுப் பார்க்கணும்.

ஸ்லைடை இழுக்கவே முடியாதவங்களுக்கு வேற வழியும் உண்டு. பெரெட்டாவின் டாம்கேட் மாதிரி சிலதில் ஒரு லீவரைத் தட்டினா குழாயோட பின்பக்கம் மேலே எழும்பும். தோட்டாவை நேரா அதுக்குள்ள வெச்சு, மூடிடலாம். ரூகர் நிறுவனம் 'லைட் ராக்'னு சொல்லி .22 தோட்டாவுக்கு இறுக்கம் குறைஞ்ச ஸ்லைடு கொடுக்குது. .22-ல் உதையே இல்லைன்னு சொல்லலாம். ஆனா அந்தத் தோட்டாவில் தீப்பற்றுற மருந்து விளிம்பைச் சுத்தி இருக்கிறதால, அப்பப்போ வெடிக்காம போற வாய்ப்பு மத்த தோட்டாக்களை விட அதிகம்.

நாலரை கிலோ சட்டம்

இதுவரைக்கும் படிச்சதுல, 'ஸ்பிரிங் தளரணும், ட்ரிகர் லேசாகணும், எல்லாம் ஈஸி ஆகணும்'னுதான் சொல்லிக்கிட்டு வந்தேன். இப்போ அந்தப் பாட்டி வீட்டுக்கு லீவுக்கு வர்ற நாலு வயசுப் பேரனை நினைச்சுப் பாருங்க.

பழைய சங்கதி ஒண்ணு. 1880-களின் கடைசியில் இதே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கைப்பிடியில் சேஃப்டி வெச்ச ஒரு ரிவால்வரை விற்றது. எட்டு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையால அதைச் சுட முடியாது என்பதுதான் அதோட விளம்பரம். கைப்பிடியை இறுக்கமா பிடிச்சு, கனமான ட்ரிகரை இழுக்கணும். குழந்தை விரலுக்கு அந்தப் பலம் இருக்காதுன்னு கணக்கு. அன்னைக்கு இறுக்கத்தை வித்த நிறுவனம், 130 வருஷம் கழிச்சு இலகுத்தன்மையை விக்குது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதுக்கு ஒரு விதிமுறையே உண்டு. அங்கே கடையில் விற்கிற கைத்துப்பாக்கியை, சராசரி அஞ்சு வயசுக் குழந்தையால இயக்க முடியக் கூடாது. அதுக்கு அந்த விதி காட்டுற வழிகளில் ஒண்ணு, ட்ரிகரை இழுக்கக் குறைஞ்சது 10 பவுண்ட் விசை தேவைப்படணும்ங்கிறது. குழந்தைக்குப் போட்ட அந்தப் பூட்டு, மூட்டுவாதம் வந்த பாட்டி விரலுக்கும் பூட்டுதான்.

இதே சிக்கலை மருந்து பாட்டில் எப்படித் தீர்த்ததுன்னு பாருங்க. குழந்தைகள் மாத்திரையை எடுத்து முழுங்கிடுறாங்கன்னு, அமுக்கித் திருகுற மூடியை 1970-ல் ஒரு சட்டம் மூலமா அமெரிக்கா கொண்டுவந்தது. பாட்டிகளால திறக்க முடியலை. திறந்த மூடியை மூடாமலேயே வெச்சாங்க. அதனால 1995-ல் சோதனை முறையை மாத்தினாங்க. ஒரு பக்கம் அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகள்கிட்ட கொடுத்து 'திறக்கக் கூடாது'ன்னு பார்ப்பாங்க. இன்னொரு பக்கம் 50 முதல் 70 வயசுக்காரங்ககிட்ட கொடுத்து 'திறக்க முடியணும்'னு பார்ப்பாங்க. ரெண்டுலயும் பாஸ் ஆனாத்தான் அந்த மூடி கடைக்கு வரும். துப்பாக்கிக்கு அப்படி நாடு தழுவிய சோதனை எதுவும் கிடையாது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோட அதிகாரத்திலிருந்து துப்பாக்கியையும் தோட்டாவையும் சட்டமே விலக்கி வெச்சிருக்கு. தைல டப்பாவுக்கு இருக்கிற அக்கறை இதுக்கு இல்லைன்னா, எனக்கு அது வினோதமாத்தான் இருக்கு.

எங்கே வெச்சுக்கிறது?

இடுப்பு உறையில வெச்சா பின்பக்கம் கையைத் திருப்பி எடுக்கணும். தோள் மூட்டு இறுகினவங்களுக்கு அது நடக்காது. முன்பக்கம் வயித்துக்கிட்ட வெச்சா, உட்காரும்போது இடுப்பு எலும்பில் குத்தும். கடைசியில பலரும் வந்து சேர்ற இடம் கைப்பை. என் கருத்துல இதுதான் இருக்கிறதிலேயே மோசமான முடிவு. 2014 டிசம்பர் 30-ம் தேதி ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டன் ஊரில் ஒரு வால்மார்ட் கடையில், அம்மாவோட கைப்பைக்குள்ள கையை விட்ட 2 வயசுக் குழந்தை துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அந்த அம்மா அங்கேயே இறந்துட்டாங்க. உடம்பை விட்டு இறங்கின துப்பாக்கி, பூட்டுக்குள்ள இருக்கணும். நடுவுல வேற இடம் கிடையாது.

பூட்டுப் பெட்டியிலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. கைரேகை வெச்சுத் திறக்கிற பெட்டியை ஆசையா வாங்குவாங்க. வயசானா ரேகை தேயும், தோல் வறளும், மெஷின் ஒத்துக்காது. நம்ம ரேஷன் கடையில கைரேகை பதியாம பாட்டிகள் நாலு விரலையும் மாத்தி மாத்தி வைக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய பட்டன் வெச்ச எண் பூட்டு நல்லது.

வாங்குறதுக்கு முன்னாடி

அமெரிக்காவுல இருக்கிற யாராவது உங்ககிட்ட கேட்டா, இதையெல்லாம் சொல்லுங்க. காலையில போகச் சொல்லுங்க. மதியம் மூணு மணிக்கு விரல் இளகி இருக்கும்போது எல்லா ஸ்லைடும் சுலபமாத்தான் தெரியும். மூட்டு இறுகியிருக்கிற காலை நேரத்துல, முடிஞ்சா குளிர்காலத்துல இழுத்துப் பார்க்கணும். ஒரு தடவை இல்லை, பத்து தடவை. பல பயிற்சிக் கூடங்களில் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். மறுநாள் காலையில கை எப்படி இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டலாம்.

இழுக்கிற விதத்துலயும் விஷயம் இருக்கு. ரெண்டு விரலால ஸ்லைடைக் கிள்ளி இழுத்தா, முன்னாடி சொன்ன 12 மடங்கு கணக்குல மாட்டுவீங்க. முழு உள்ளங்கையால மேலிருந்து ஸ்லைடைப் பிடிச்சு அசையாம வெச்சுக்கிட்டு, முழங்கைகளை உடம்போட ஒட்டி, இன்னொரு கையால கைப்பிடியை முன்னாடி தள்ளணும். அப்போ விரல் செய்ய வேண்டிய வேலையை நெஞ்சும் தோளும் செய்யும். இதைச் செய்யும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, குழாய் பக்கத்து ஆளைப் பார்க்கிற மாதிரி நிக்கிறது பொதுவான தப்பு. அதை ஒரு பயிற்சியாளர் பக்கத்துல நின்னு திருத்தணும், வீடியோ பார்த்துப் பழகக் கூடாது. தோட்டாவை மேகசினில் அடுக்க, மேக்லுலா மாதிரி ஒரு சின்னக் கருவி இருக்கு. கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. கண்ணும் மங்கியிருந்தா, சிவப்புப் புள்ளி காட்டுற குறிக்கண்ணாடி உதவும். முன்னாடி இருக்கிற சின்ன முனையில பார்வையைக் குவிக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். அமெரிக்காவில் துப்பாக்கியால் ஏற்படும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். அதில் வயதான ஆண்களின் விகிதம் ரொம்ப அதிகம். தீராத வலி, தனிமை, துணையின் இழப்பு, கைக்கெட்டும் தூரத்துல ஒரு துப்பாக்கி. ஆரம்பத்துல நான் சொன்ன அமெரிக்கப் பாட்டியோட வாழ்க்கையும் கிட்டத்தட்ட இதேதான். மறதி நோய் சேர்ந்தா, ராத்திரி தண்ணி குடிக்க எழுந்த பேரன் திருடனா தெரியலாம். அதனால அங்கே மருத்துவர்கள் இப்போ ஒரு பேச்சை ஆரம்பிச்சிருக்காங்க: ஒரு வயசுக்கு மேல கார் சாவியைப் பிள்ளைகள்கிட்ட கொடுக்கிற மாதிரி, துப்பாக்கியை யார்கிட்ட, எப்போ ஒப்படைக்கிறதுன்னு புத்தி தெளிவா இருக்கும்போதே அவங்களே முடிவு பண்ணி எழுதி வைக்கிறது. கை மாத்துறதுக்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில ஊர்களில் காவல் நிலையமோ துப்பாக்கிக் கடையோ தற்காலிகமா வாங்கி வெச்சுக்கும்.

அந்தப் பேச்சை எப்போ எடுக்கிறதுன்னு பிள்ளைகள் தயங்குறாங்க. "இந்த ஸ்லைடை என்னால இழுக்க முடியலைடா"ன்னு அம்மாவே போன்ல சொல்ற அன்னைக்கு எடுக்கலாம். புது மாடல் லிங்க் அனுப்புறதுக்கு முன்னாடி, டிக்கெட் போட்டு ஒரு தடவை நேர்ல போய், அந்தக் கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு.